உடல்நலத்தைச் சமூக அறிவியல் வழியாகப் படிக்க விரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: புதுச்சேரி, கடலூர்ப் பகுதி மாணவர்களுக்கு

காலாப்பட்டிலிருந்து சிதம்பரம் வரையுள்ள கடற்கரை ஊர்களிலும் அவற்றையொட்டிய உள்நாட்டுக் கிராமங்களிலும் பட்டப்படிப்பை முடித்துவிட்டு, உடல்நலம் தொடர்பான மேற்படிப்பைச் சமூக அறிவியல் துறைகளில் தொடரலாமா என்று யோசிக்கும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் வழக்கமாகக் கேட்பவை இவை. சில கேள்விகளுக்கு இரண்டு வரி போதும்; சிலவற்றுக்குப் போதாது.

சமூக அறிவியல் வழியாக உடல்நலத்தைப் படிப்பது என்றால், எதைப் படிப்பது?

நெல்லிக்குப்பம் பக்கத்துக் கிராமமொன்றில் சர்க்கரை நோயுள்ள ஒரு விவசாயக் கூலிப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவருடைய காற்புண் ஏன் ஆறவில்லை என்று மருத்துவர் கேட்டால், இரத்தத்திலுள்ள சர்க்கரையின் அளவையும் நரம்பின் நிலையையும் கிருமித் தொற்றையும் பார்த்து விடை காண்பார். அதே புண்ணைப் பற்றிச் சமூக அறிவியல் மாணவர் கேட்கும் கேள்விகள் வேறு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசமாகக் கிடைத்தும் மாதத்தில் சில நாள்கள் ஏன் விட்டுப்போகிறது? சேற்றில் செருப்பில்லாமல் நின்று நடவு செய்பவரிடம் 'காலைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள்' என்ற அறிவுரைக்கு என்ன பொருள்? புதுச்சேரியிலுள்ள மத்திய அரசு மருத்துவமனையான ஜிப்மருக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகும், துணைக்கு வருபவரின் கூலியும் போகும் என்றால் அந்தப் பயணத்தை முடிவு செய்பவர் யார்? வீட்டில் எல்லாருக்கும் சோறு வடிக்கும் பெண், தனக்கு மட்டும் வேறு உணவு செய்துகொள்ளும் நிலையில் இருக்கிறாரா? இவை ஒவ்வொன்றுக்கும் களத்தில் ஆதாரம் தேடி, ஒழுங்காகப் பதிவு செய்து, மற்றவர் சோதித்துப் பார்க்கும்படி எழுதுவதுதான் இந்தப் படிப்பு.

உலக சுகாதார நிறுவனத்தின் அமைப்புச் சாசனம் 1948-இல் நடைமுறைக்கு வந்தபோதே, உடல்நலம் என்பது நோயின்மை மட்டுமன்று, உடல், மனம், சமூகம் ஆகிய மூன்றின் நல்ல நிலையும் சேர்ந்தது என்று வரையறுத்துவிட்டது. முதல் இரண்டுக்கும் மருத்துவத்தில் துறைகள் உண்டு. மூன்றாவதை யாரும் பொறுப்பெடுத்துக்கொள்ளாமல் விட்டதால்தான் இந்தப் படிப்புக்கு இவ்வளவு வேலை மிச்சமிருக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது.

'சமூகக் காரணம்' என்பதெல்லாம் பொதுவாகப் பேசுவதுதானே? உறுதியாக எதையாவது காட்ட முடியுமா?

கடலூர் மாவட்டத்திலேயே காட்டலாம். 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையைப் பற்றி ஆக்ஸ்ஃபாம் என்ற பன்னாட்டுத் தொண்டு அமைப்பு 2005 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, கடலூர் மாவட்டத்தில் பெண்கள் 391 பேரும் ஆண்கள் 146 பேரும் இறந்ததாகக் கணக்குக் காட்டியது. பச்சாங்குப்பத்தில் இறந்தவர்கள் அனைவரும் பெண்கள். அலைக்கு ஆண், பெண் தெரியாது. ஆனால் அந்தக் காலைப் பொழுதில் ஆண்களில் பலர் கடலுக்குள் படகில் இருந்தார்கள். ஆழ்கடலில் அலை படகுக்கு அடியில் கடந்துபோயிற்று. பெண்கள் கரையில் மீன்வரவுக்காகக் காத்திருந்தார்கள். மீனை வாங்கித் தரம்பிரித்துச் சந்தைக்குக் கொண்டுபோவது அவர்களுடைய வேலை. யார் எந்த நேரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்தது தொழிற்பிரிவினை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓட வேண்டியிருந்தவர் யார், நீந்தக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு யாருக்குக் கிடைத்திருந்தது என்பவையும் அதனுடன் சேர்ந்துகொண்டன. இறப்புச் சான்றிதழில் 'நீரில் மூழ்கியது' என்றுதான் இருக்கும். அந்தச் சொற்களுக்குப் பின்னால் ஒரு மீனவக் கிராமத்தின் முழு அன்றாட வாழ்க்கையும் இருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து ஒரு சான்று வேண்டுமானால், பிரித்தானிய அரசு ஊழியர்களிடையே 1967-இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வைப் பார்க்கலாம். அவர்களில் யாரும் வேலையற்றவர் அல்லர். அனைவருக்கும் அரசின் இலவச மருத்துவம் இருந்தது. ஆயினும் பதவிப்படியில் கீழே போகப்போக இதயநோயால் இறக்கும் வாய்ப்பு கூடிக்கொண்டே போனது. புகைப்பழக்கம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்த வேறுபாட்டில் பெரும்பகுதி எஞ்சியது. இந்த ஆய்வுகளில் ஈடுபட்ட மைக்கேல் மார்மட் பின்னர் உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையத்துக்குத் தலைமையேற்று, உடல்நலத்தின் சமூகக் காரணிகளைப் பற்றிய அறிக்கையை 2008-இல் வெளியிட்டார்.

மருத்துவக் கல்லூரிகளில் சமூக மருத்துவத் துறை இருக்கிறதே, அது போதாதா?

அந்தத் துறையின் பணி மதிப்புக்குரியது. நம் பகுதியில் அதற்கு நீண்ட வரலாறும் உண்டு. ஜிப்மர், இராமநாதபுரத்தில் ஊரக சுகாதார மையத்தையும் குருசுக்குப்பத்தில் நகர்ப்புற சுகாதார மையத்தையும் நடத்திவருகிறது. மருத்துவ மாணவர்கள் அங்கே வீடுவீடாகச் சென்று பயில்கிறார்கள். சமூக அறிவியல் அவர்களோடு சேர்ந்து செய்யும் வேலையும் நிறைய இருக்கிறது. ஆனால் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். மருத்துவத் துறை நோயில் தொடங்கி மக்களிடம் வருகிறது. சமூக அறிவியல் மக்களுடைய வாழ்க்கையில் தொடங்குகிறது, அதில் நோய் எங்கே குறுக்கிடுகிறது என்று பார்க்கிறது. மருத்துவமனையையும் மருத்துவரையும்கூட அது ஆய்வுப்பொருளாக்கும். வெளிநோயாளிப் பிரிவில் எந்த நோயாளியை 'நீங்க' என்கிறார்கள், யாரை 'நீ' என்கிறார்கள், யார் சொல்வதை முழுவதும் கேட்கிறார்கள், யாரைப் பாதியில் நிறுத்துகிறார்கள் என்பதெல்லாம் ஆய்வுக்குரிய செய்திகளே.

அமெரிக்கச் சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸ் 1951-இல் 'நோயாளி' என்பதே ஒரு சமூகப் பாத்திரம் என்று எழுதினார்: நோயாளிக்கு வேலையிலிருந்து விலக்கு உண்டு, பதிலுக்கு, குணமாக முயல வேண்டிய கடமையும் உண்டு. இந்தக் கருத்தை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. காய்ச்சலோடு செங்கல் சூளைக்குப் போகும் தொழிலாளிக்கும், மாமியாருக்கு முன்னால் படுக்க முடியாத மருமகளுக்கும் அந்த விலக்கைக் கொடுப்பவர் யார் என்று கேட்டுவிட்டால், அங்கேயே ஒரு முதுகலை ஆய்வேடு தொடங்கிவிடும்.

இது ஒரே துறையா, பல துறைகளா?

பல துறைகள். சமூகவியல், மானிடவியல், உளவியல், சமூகப்பணி, பொருளியல், மக்கள்தொகையியல் ஆகிய ஒவ்வொன்றிலும் உடல்நலத்துக்கு ஒரு பகுதி உண்டு. எமில் தூர்கைம் 1897-இல் தற்கொலையைப் பற்றி வெளியிட்ட ஆய்வு, தனிமனிதத் துயரமாக மட்டும் கருதப்பட்ட ஒன்றில் சமூகப் பிணைப்பின் அளவு எப்படிப் பங்கேற்கிறது என்று காட்டிச் சமூகவியலுக்கே அடித்தளமிட்டது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளில், மக்கள்தொகையோடு ஒப்பிடும் தற்கொலை விகிதத்தில் புதுச்சேரி தொடர்ந்து நாட்டின் மேல்வரிசையில் நிற்பதால், அந்தக் கேள்வி நம் பகுதியில் பழைய பாடநூற் செய்தியாக ஒதுங்கிவிடவில்லை. அதே வேளையில், ஒழுங்காகப் பதிவு செய்யும் சிறிய நிலப்பரப்பின் விகிதம் உயர்ந்து தெரியக்கூடும் என்பதையும், பதிவேட்டில் 'குடும்பப் பிரச்சினை' என்று எழுதும் கை யாருடையது என்பதையும் கேட்கப் பழக வேண்டும்.

மானிடவியல், நோயைப் பற்றி மக்கள் வைத்திருக்கும் விளக்கங்களை அவர்கள் சொல்லும் முறையிலேயே கேட்கிறது. மருத்துவமனைச் சிகிச்சையையும் சித்த மருந்தையும் மாரியம்மன் கோயில் வேண்டுதலையும் ஒரே குடும்பம் ஒரே வாரத்தில் நாடுவதை அது மூடநம்பிக்கை என்று தள்ளாது. எந்தக் கட்டத்தில், யார் சொல்லி, எங்கே போனார்கள் என்று வரிசைப்படுத்தும். பொருளியல், மருத்துவச் செலவு குடும்பத்தை எப்படிக் கடனுக்குள் தள்ளுகிறது என்று கணக்கிடும். சமூகப்பணி, கற்றதை ஒரு நோயாளியின் முன்னால் உட்கார்ந்து பயன்படுத்தக் கற்பிக்கும். உங்களுக்கு எது பொருந்தும் என்பதற்கு என் எளிய அளவுகோல்: நோயாளிக்கு இன்றைக்கே ஏதாவது செய்ய வேண்டும் என்று கை பரபரக்கிறவர் சமூகப்பணிக்குப் போகலாம், ஏன் இப்படி நடக்கிறது என்று தெரியாமல் தூக்கம் வராதவர் சமூகவியலுக்கோ மானிடவியலுக்கோ போகலாம்.

இந்தப் பகுதியில் எங்கே படிக்கலாம்?

காலாப்பட்டிலுள்ள புதுவைப் பல்கலைக்கழகம் 1985-இல் தொடங்கப்பட்ட மத்தியப் பல்கலைக்கழகம். சமூகவியல், சமூகப்பணி, மானிடவியல், பயன்பாட்டு உளவியல், பொருளியல், புள்ளியியல் துறைகள் ஒரே வளாகத்தில் இருப்பது பெரிய வசதி. ஒரு துறையில் சேர்ந்துகொண்டு மற்றொன்றின் வகுப்பில் விருப்பப்பாடம் எடுக்கலாம். முதுகலைச் சேர்க்கைக்கு க்யூட்–பிஜி நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். சிதம்பரத்தில், 1929-இல் நிறுவப்பட்டு 2013-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கடலூர் மாவட்ட மாணவர்களுக்கு வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய தொலைவு.

கோரிமேட்டிலுள்ள ஜிப்மர், பொதுச் சுகாதாரத்தில் எம்.பி.எச். என்னும் முதுகலைப் பட்டம் வழங்குகிறது. யார் விண்ணப்பிக்கலாம் என்ற தகுதி விதியை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் சொல்லுக்குச் சொல் படித்த பிறகே முடிவெடுக்க வேண்டும். புதுச்சேரி செயின்ட் லூயி வீதியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இளங்கலை, முதுகலைப் படிப்பு நடத்துவதில்லை. ஆனால் அதன் சமூக அறிவியல் பிரிவும் நூலகமும் ஆய்வு மாணவருக்குப் பெரும் துணை. இந்த ஊரிலேயே மூன்றாண்டு படித்துவிட்டு அந்த நூலகத்துக்குள் ஒருமுறைகூட நுழையாதவர்கள் இருக்கிறார்கள் என்பது வருத்தம்.

வெளியே போகத் தயாராக இருப்பவர்கள் மும்பையிலுள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், அதே நகரின் பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம், தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சமூக மருத்துவ மையம் ஆகியவற்றைப் பார்க்கலாம்.

பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுக்கவில்லை. சேர முடியுமா?

முடியும். சமூக அறிவியல் முதுகலைப் படிப்புகளுக்கு உயிரியல் தேவையில்லை. நோய்த்தொற்று எப்படிப் பரவுகிறது, இரத்தச்சோகை என்றால் என்ன என்ற அளவுக்கான அறிவைச் சேர்ந்த பிறகு படித்துக்கொள்ளலாம்.

தமிழ்வழியில் படித்தேன். ஆங்கிலத்தில் திணறுவேனா?

முதலாண்டில் திணறுவீர்கள். க்யூட்–பிஜி வினாத்தாள் மொழிப்பாடங்கள் நீங்கலாக ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது. வகுப்பும் வாசிப்பும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும். வாரத்துக்கு இரண்டு கட்டுரை என்று முதல் பருவத்திலேயே வாசிப்பைத் தொடங்கிவிட்டால் இரண்டாம் பருவத்தில் பிடிபட்டுவிடும். ஆனால் களத்துக்குப் போகும் நாளில் நிலைமை தலைகீழாகிவிடும். நோயாளி சொல்வதை அவர் சொன்ன விதத்திலேயே கேட்டு, எங்கே தயங்கினார், எதைச் சுற்றிவளைத்துச் சொன்னார் என்று குறித்துக்கொள்ள, வட்டார வழக்கு காதில் ஊறியவரால்தான் முடியும். நகரத்து ஆங்கிலவழி மாணவர் ஒருவர் 'உங்களுக்கு மனச்சோர்வு இருக்கிறதா?' என்று வினாப்படிவத்தில் உள்ளதைப் படித்துக் காட்டினால், 'அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க' என்ற பதில் வரும். அதே வீட்டில் வேறொருவர், 'ராத்திரி தூக்கம் வருதாம்மா? சோறு இறங்குதா?' என்று கேட்டால் அரைமணி நேரப் பேச்சு கிடைக்கும். தமிழ்வழி மாணவர்கள் இந்தத் திறனைத் தகுதியாக எண்ணுவதே இல்லை. ஆசிரியர்களும் அதற்கு மதிப்பெண் போடுவதில்லை. இரண்டும் மாற வேண்டும்.

இந்தப் பகுதியில் ஆராய அப்படி என்ன இருக்கிறது?

இரண்டை மட்டும் சற்று விரித்துச் சொல்கிறேன்.

முதலாவது, யானைக்கால் நோய். 1975 முதல் புதுச்சேரியில் இயங்கும் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், 1981 முதல் 1985 வரை நகரில் இந்நோயைக் கட்டுப்படுத்தும் செயல்விளக்கத் திட்டத்தை நடத்தியது. நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு, தேங்கிய சாக்கடை நீரில் பெருகுகிறது. எனவே கழிவுநீர் வாய்க்கால் எந்தத் தெருவில் அடைபட்டுக் கிடக்கிறது, எந்தத் தெருவில் ஓடுகிறது என்ற நகராட்சிக் கேள்வியே நோய்க் கேள்வியாகிறது. பிற்காலத்தில் ஆண்டுக்கொருமுறை ஊர் முழுவதற்கும் இந்நோய்க்கான டி.இ.சி. மாத்திரை கொடுக்கும் முறை வந்தபோது கேள்வி இன்னும் சமூகப் பக்கம் சாய்ந்தது. உடம்பில் எந்தக் குறையும் தெரியாதவர், பக்கத்து வீட்டுக்காரருக்கு நோய் பரவாமலிருக்க ஏன் மாத்திரை விழுங்க வேண்டும்? வாங்கி மாடத்தில் வைத்துவிட்டு 'சாப்பிட்டாச்சு' என்று சொல்பவரை எப்படிக் கணக்கில் சேர்ப்பது? கால் வீங்கிய பெண் புடவையைத் தரையில் புரள விட்டு மறைத்துக்கொண்டு கல்யாண வீட்டில் ஓரமாக நிற்பதற்கு எந்தப் பதிவேட்டில் இடம்? மாத்திரையின் வேதியியலை ஆய்வகம் தீர்த்துவிட்டது. விழுங்குவதைத் தீர்ப்பது ஆய்வகத்தால் ஆகாது.

இரண்டாவது, கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை. குடிகாடு, ஈச்சங்காடு, சோனஞ்சாவடி போன்ற ஊர்களின் மக்கள் இரசாயனத் தொழிற்சாலைகளின் வாடையைப் பற்றிப் பல்லாண்டுகள் முறையிட்டும், 'என்ன வாயு, எவ்வளவு, எப்போது?' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல அவர்களிடம் கருவி இல்லை. பிறகு ஊர்க்காரர்களே பயிற்சி பெற்று, எந்த நேரத்தில் என்ன வாடை வந்தது என்று குறிப்பெழுதத் தொடங்கினார்கள். 2004-இல் பிளாஸ்டிக் வாளிக்குள் பையைப் பொருத்திக் காற்று மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். பாதிக்கப்பட்டவர்களே ஆதாரம் திரட்டும் இத்தகைய முயற்சியை மக்களின் நோய்ப்பரவலியல் என்று சமூக அறிவியல் வகைப்படுத்துகிறது. மூக்கின் சாட்சியம் எப்போது சான்றாகிறது, அதை ஏற்கவோ மறுக்கவோ அதிகாரம் பெற்றவர் யார் என்று படிக்க விரும்பும் மாணவர் கண்டம் தாண்டிப் போக வேண்டாம். கடலூர் முதுநகரிலிருந்து நகரப் பேருந்து போகிறது.

இவை தவிர, முந்திரிக் கொட்டை உடைக்கும் பண்ருட்டிப் பெண்களின் கைகளை அந்த ஓட்டுப்பால் பொசுக்குவது, 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் பலா, முந்திரித் தோப்புகளை இழந்த குடும்பங்கள் மீண்ட விதம், மாநில எல்லையின் இரு பக்கமும் மது விலையில் உள்ள வேறுபாடு குடும்பங்களில் ஏற்படுத்தும் விளைவு என்று தலைப்புகளுக்குப் பஞ்சமில்லை.

கள ஆய்வு நடைமுறையில் எப்படி இருக்கும்?

திண்ணையில் உட்கார்ந்து மனைவியிடம் கேள்வி கேட்பீர்கள். கணவர் பதில் சொல்வார். தண்ணீர் கொண்டுவரும் மருமகள் வாசற்படியில் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்து, மாமியாரைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார். அந்த இரண்டாவது செய்தி ஒலிப்பதிவில் இருக்காது. உங்கள் களக்குறிப்பேட்டில்தான் இருக்க முடியும், அதுவும் அன்றிரவே எழுதினால். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் பெயர்த்தெடுக்க ஆறு, ஏழு மணி நேரம் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேவனாம்பட்டினம் போன்ற மீனவ ஊருக்குப் போனால் முதலில் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் சொல்லிவிட்டுத்தான் தெருவில் இறங்க வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியர் துணைக்கு வந்தால் கதவுகள் எளிதில் திறக்கும்; ஆனால் அவர் முன்னால் யாரும் 'தடுப்பூசி போடவில்லை' என்று சொல்ல மாட்டார்கள். வசதிக்கு ஒரு விலை உண்டு.

புள்ளியியல் கட்டாயமா?

ஆம். 'எனக்குக் கணக்கு வராது, அதனால்தான் சமூக அறிவியலுக்கு வந்தேன்' என்பவருக்கு இந்தப் பிரிவில் சலுகை கிடையாது, கொடுக்கவும் கூடாது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 2019–21 காலத்தில் தமிழ்நாட்டின் பிரசவங்களில் 99 விழுக்காட்டுக்கும் மேல் மருத்துவ நிலையங்களில் நடந்தன. ஏறத்தாழ 45 விழுக்காடு அறுவை வழி நடந்தன. 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை இருந்தது. ஒரு பெண் பிள்ளைப்பேற்றுக்கு மருத்துவமனைக்கு வந்துவிடுகிறார். அவருடைய தட்டுக்குக் கீரையும் முட்டையும் வந்து சேரவில்லை. இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அடுத்து எந்த எண்ணைத் தேட வேண்டும் என்று தெரிவதே புள்ளியியலின் பயன். முதலாண்டில் சராசரி, விகிதம், மாதிரியெடுப்பு, தொடர்புக் கணக்கு ஆகியவை போதும். மென்பொருள் பிறகு வரும்.

ஆய்வைத் தொடங்கும் முன் அறநெறிக் குழு ஒப்புதல் எதற்கு? நாங்கள் ஊசி போடவில்லையே?

கேள்வியும் காயப்படுத்தும். கணவரின் குடிப்பழக்கத்தைப் பற்றி மனைவி உங்களிடம் சொன்னது பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிட்டால், அன்றிரவு அவருக்கு நேர்வதற்கு உங்கள் ஆய்வே காரணம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2017-இல் வெளியிட்ட தேசிய அறநெறி வழிகாட்டுதல்கள் சமூக, நடத்தை அறிவியல் ஆய்வுகளையும் உள்ளடக்குகின்றன. ஒப்புதல் படிவத்தைப் படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, சாட்சி வைத்து, வேண்டாம் என்றால் எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம் என்பதை அவர் நம்பும்படி சொல்ல வேண்டும். பெயரை மாற்றிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்று எண்ண வேண்டாம். 200 வீடுள்ள குப்பத்தில் 'இரட்டைக் குழந்தை பெற்ற, கணவரை ஆழிப்பேரலையில் இழந்த பெண்' என்று எழுதினால் பெயர் எழுதியது போலத்தான்.

நலவாழ்வு என்பது மகிழ்ச்சியா? அதை எப்படி அளப்பார்கள்?

மகிழ்ச்சி அதில் ஒரு பகுதி. வாழ்க்கை மொத்தத்தில் எவ்வளவு நிறைவாக இருக்கிறது என்று பத்துப் படியுள்ள ஏணியில் குறிக்கச் சொல்லும் அளவுகோல் ஒன்று உண்டு. சென்ற இரண்டு வாரங்களின் மனநிலையை ஐந்தே வரிகளில் கேட்கும் உலக சுகாதார நிறுவனத்தின் வினாப்படிவம் மற்றொன்று. இவற்றை அப்படியே நம்பிவிடுவதில் சிக்கல் இருக்கிறது. குறைவான எதிர்பார்ப்போடு வாழப் பழகிய ஒருவர் தன் நிலையை நல்லது என்றே சொல்லக்கூடும் என்று பொருளியலாளர் அமர்த்தியா சென் சுட்டிக்காட்டினார். எனவே அவர், ஒருவர் என்ன உணர்கிறார் என்பதோடு, அவரால் என்னவாக இருக்க முடிகிறது, என்ன செய்ய முடிகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்றார். 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லும் முதிய மீனவப் பெண்ணுக்கு, தனியாகப் பேருந்தேறிப் பெரிய மருத்துவமனைக்குப் போய்வர முடிகிறதா என்றும் கேட்பது அந்த வழியில் வருவதுதான்.

படித்து முடித்ததும் மனநல ஆலோசகர் ஆகிவிடலாமா?

முதுகலைப் பட்டம் மட்டும் போதாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலச் சமூகப் பணியாளர் என்பவருக்குச் சமூகப்பணி முதுகலையோடு இரண்டாண்டு எம்.ஃபில். பயிற்சியையும் தகுதியாக வரையறுக்கிறது. மருத்துவ உளவியலாளருக்கு இந்திய மறுவாழ்வுக் கழகம் ஏற்ற பயிற்சி வேண்டும். எம்.ஃபில். பட்டங்களின் அமைப்பு இப்போது மாறிவருவதால் கழகத்தின் அண்மை அறிவிப்பைப் பார்த்துச் சேர வேண்டும். ஆறு மாதச் சான்றிதழை வைத்துக்கொண்டு பெயர்ப்பலகை மாட்டுபவர்களைப் பின்பற்றாதீர்கள்.

வேலை கிடைக்குமா?

கிடைக்கும்; ஆனால் மருத்துவருக்கும் செவிலியருக்கும் போல நேரான வழி கிடையாது. பெரிய மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப் பணியாளர், காசநோய், எச்.ஐ.வி. திட்டங்களில் ஆலோசகர், தொண்டு நிறுவனங்களில் கள ஒருங்கிணைப்பாளர், ஆராய்ச்சி நிறுவனங்களில் திட்ட உதவியாளர் ஆகியவை முதல் வாய்ப்புகள். இவற்றில் பல ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தப் பணிகள். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும் என்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. கல்லூரி ஆசிரியராக விரும்புவோர் யுஜிசி–நெட் தேர்வெழுத வேண்டும். அதில் சமூகவியல், சமூகப்பணி போன்றவற்றோடு சமூக மருத்துவமும் சமுதாய நலமும் தனிப் பாடமாக உண்டு. தமிழில் நன்றாகப் பேட்டி காணவும், ஆங்கிலத்தில் அறிக்கை எழுதவும், தரவை அட்டவணையிட்டுப் பார்க்கவும் மூன்றும் தெரிந்தவர் நெடுநாள் வேலையில்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை. மூன்றில் ஒன்று மட்டும் தெரிந்தவர்கள் நிறைய.

நாள்தோறும் துயரக் கதைகளைக் கேட்டால் மாணவரின் மனம் பாதிக்காதா?

பாதிக்கும். களத்திலிருந்து திரும்பியதும் உடன் படிப்பவரோடோ நெறியாளரோடோ பேசிவிடுவதைத் துறைகள் வழக்கமாக்க வேண்டும். இல்லையென்றால் நீங்களாகக் கேட்டுப் பெறுங்கள். தற்கொலை, குடும்ப வன்முறை போன்ற தலைப்புகளை முதல் ஆய்வாக எடுக்காமலிருப்பது நல்லது. பேட்டியில் ஒருவர் சாக வேண்டும்போல் இருக்கிறது என்று சொன்னால் அத்துடன் வினாப்படிவத்தை மூடிவிட்டு, அவரைத் தனியே விடாமல், உரியவரிடம் சேர்ப்பதுதான் உங்கள் வேலை. அரசின் டெலி மானஸ் என்னும் மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே அழைக்கலாம். இந்த எண் மாணவருக்கும் பயன்படும்.

ஆய்வுத் தலைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

'கடலூர் மாவட்டப் பெண்களின் உடல்நலம்' என்பது தலைப்பாகாது. 'மீன் விற்கும் பெண்கள் விடியற்காலையிலிருந்து பிற்பகல்வரை கழிப்பறை வசதியில்லாமல் சமாளிக்கும் முறைகளும் அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வதும்' என்பது தலைப்பாகும்: யாரைப் பார்ப்பது, எங்கே பார்ப்பது, என்ன கேட்பது என்று அதிலேயே இருக்கிறது. தலைப்பு முடிவானதும் நாட்காட்டியைப் பாருங்கள். அறநெறி ஒப்புதல் கிடைக்க இரண்டு மூன்று மாதம் ஆகலாம். பண்ருட்டிப் பக்கம் முந்திரி அறுவடை நடக்கும் கோடை மாதங்களில் பகலில் ஆள் கிடைக்காது. மாலையில் போக வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில் இருப்பார்கள், பேசவும் நேரம் இருக்கும். ஆனால் அப்போது கேட்டெழுதிய வருமானத்தையும் கடனையும் ஆண்டு முழுவதற்கும் பொருத்திவிடக் கூடாது, அதே வீடுகளுக்கு ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ மறுபடியும் ஒருமுறை போக வேண்டும்.